மின்சாரம் போனால் கவலையில்லை

தரவு மையம் கட்ட வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?" டீசல் தொட்டியின் கொள்ளளவைச் சொன்னதும் நிம்மதியாகக் குறித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை. மின்சாரம் அடியோடு போவது எங்கள் தொழிலில் சுலபமான விஷயம். யுபிஎஸ் பேட்டரி சுமையை ஏற்கும், பத்துப் பதினைந்து வினாடியில் ஜெனரேட்டர்கள் கிளம்பும், அப்புறம் டீசல் லாரி வருகிறவரை கதை ஓடும். இதற்காகத்தான் எல்லோரும் காசு கொட்டியிருக்கிறார்கள். என் தூக்கத்தைக் கெடுப்பது போயும் போகாமலும் இருக்கிற மின்சாரம்.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மாதக்கணக்கில் கடற்காற்று மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் மேல் உப்பைப் படிய வைக்கும். பருவமழையின் முதல் தூறல் அதை நனைத்ததும் மின்சாரம் இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியாகவே பாயும். கோளாறைக் கவனிக்கும் கருவியான ரிலே அதைக் கண்டு, பிரேக்கர் என்ற சுவிட்சைத் திறந்து மின்பாதையைத் துண்டிக்கும். ஒரு வினாடி போலப் பொறுத்து பிரேக்கர் தானாகவே மறுபடி சேரும். பெரும்பாலும் அதோடு கோளாறு தீர்ந்துவிடும். ஆனால் கோளாறு நீடித்த அந்த நூறு மில்லிவினாடிக்குள் சுற்றுவட்டாரம் முழுக்க மின்னழுத்தம் சரிந்து எழுந்திருக்கும். வீட்டில் இருப்பவருக்கு விளக்கு ஒருமுறை மங்கியதோடு சரி.

"எங்களுக்குத்தான் மின்சாரம் வரும் பாதை, ஃபீடர், இரண்டு இருக்கிறதே, வேறு வேறு துணைமின் நிலையத்திலிருந்து!" என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். யாராவது பொக்லைன் வைத்துக் கேபிளை அறுத்தால் இரண்டாவது ஃபீடர் காப்பாற்றும். மின்மாற்றி எரிந்தாலும் காப்பாற்றும். ஆனால் அந்த இரண்டு துணைமின் நிலையங்களுக்கும் மேலே இருப்பது ஒரே மின்தொகுப்பு (கிரிட்). எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி 230 கிலோவோல்ட் பாதையில் கோளாறு நடந்தால் இரண்டு ஃபீடரும் ஒரே நொடியில் சேர்ந்தே சரியும்.

ஒரு மையத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், மாலை நேரம். ஒரே ஒரு சரிவு. சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; யுபிஎஸ் அதற்காகவே இருக்கிறது. சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளையும் இருபது மில்லிவினாடி போல மூச்சுப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மையத்தைக் குளிர்விக்கும் சில்லர்களின் கண்ட்ரோல் பேனலில் இருந்த காண்டாக்டர்கள் என்ற காந்த சுவிட்சுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மின்னழுத்தம் பாதிக்குப் போனதும் டக்கென்று விழுந்துவிட்டன. எல்லாச் சில்லரும் நின்றுபோயின. ஜெனரேட்டர் வந்ததா என்றால் இல்லை. மின்னழுத்தம் இரண்டு வினாடி தாழ்ந்தே இருந்தால்தான் அதற்குக் கட்டளை போகும். இங்கே அதற்குள் மின்சாரம் சரியாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் பச்சை. சர்வர்கள் முழு வீச்சில் ஓடுகின்றன, குளிர் மட்டும் இல்லை. நின்ற சில்லர் மறுபடி முழு அளவுக்கு வரப் பல நிமிடம் ஆகும். சர்வர்களை நெருக்கமாக அடுக்கிய ரேக்குகளுக்கு அத்தனை நேரம் கொடுக்க முடியாது. வெப்பநிலை அலாரம் அடித்த பிறகுதான் ஆட்கள் ஓடினார்கள். மின்சார வாரியப் பதிவேட்டில் அன்று அந்த ஃபீடருக்கு எந்தத் தடையும் இல்லை. வாரியம் சொன்னதும் பொய் இல்லை.

அப்போதிலிருந்து எந்த வரைபடம் வந்தாலும் நான் முதலில் தேடுவது சில்லரின் கண்ட்ரோல் சப்ளை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். அதை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டினால் ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. குளிர்நீர் பம்புகளையும் யுபிஎஸ்ஸில் போட்டு, நடுவே ஒரு குளிர்நீர்த் தொட்டியும் வைத்துவிட்டால் சில்லர் திரும்பி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். டீசலுக்கு இருக்கும் மரியாதை இந்தத் தொட்டிக்கு ஏனோ கிடைப்பதில்லை.

இது கடலோரச் சென்னையின் தலைவிதி மட்டும் அல்ல. 2007 ஜூலை 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மின்சாரம் சில முறை வந்து வந்து போனது. 365 மெயின் என்ற மையத்தில் சில ஜெனரேட்டர்கள் கிளம்பவில்லை. எஞ்சின் கண்ட்ரோலர் முந்தைய ஓட்டத்தின் தகவலை நினைவிலிருந்து அழிக்காமல் அடுத்த கட்டளையை வாங்கியதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 2016 ஜூன் 5 அன்று சிட்னியில் புயல். அமேசான் மையத்தில் இருந்தது கனத்த சக்கரம் சுழலும் டீசல் ரோட்டரி யுபிஎஸ். மின்சாரம் ஒரேயடியாகப் போயிருந்தால் வெளித் தொகுப்பிலிருந்து துண்டிக்கும் பிரேக்கர் உடனே திறந்திருக்கும். மின்னழுத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சரிந்தே கிடந்ததால் திறக்கத் தாமதமானது. சக்கரத்தில் சேமித்திருந்த ஆற்றல் சர்வருக்குப் போகாமல் வெளியே, நோஞ்சானாகக் கிடந்த தொகுப்புக்குள் வடிந்துவிட்டது. தானம் கொடுத்தே ஓட்டாண்டியான யுபிஎஸ்!

திரும்பி வரும் மின்சாரமும் ஆபத்துதான். 2017 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் எழுபத்தைந்தாயிரம் பயணிகள் தவித்தது இதனால்தான்: ஹீத்ரோ அருகே மின்சாரத்தை நிறுத்தியதைவிட, அதைக் கட்டுப்பாடில்லாமல் மறுபடி கொடுத்ததுதான் கருவிகளைச் சேதப்படுத்தியது என்று நிறுவனமே சொன்னது. எனவே வெளி மின்சாரம் வந்த உடனே அதற்குத் தாவக் கூடாது. கால் மணியாவது அது நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, யுபிஎஸ்களை ஒவ்வொன்றாக, சுமையை மெல்ல ஏற்றி மாற்ற வேண்டும். டீசல் வீணாகிறதே என்று இந்த நேரத்தைக் குறைக்கச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை; எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்பேன். யாரும் கொடுத்ததில்லை.

சரி, சரிவுக்கெல்லாம் பயந்து உடனே ஜெனரேட்டருக்குப் போய்விடலாமே? 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அதுதான் நடந்தது. 230 கிலோவோல்ட் பாதையில் மின்னல் தடுப்பான் ஒன்று பழுதானது. பாதை இரு முனைகளிலிருந்தும் மாறி மாறித் தன்னைச் சேர்க்கப் பார்த்ததில் ஆறு சரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நிமிடத்தில் மூன்று தொந்தரவு கண்டால் மாற்று மின்சாரத்துக்குப் போ, ஆள் வந்து விடுவிக்கும்வரை அங்கேயே இரு என்று பல யுபிஎஸ்களில் எழுதி வைத்திருந்தார்கள். அறுபது மையங்கள், சுமார் 1,500 மெகாவாட், ஒரே சமயத்தில் தொகுப்பைவிட்டு விலகின. கூடங்குளத்தின் ஒன்றரை உலை தரும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் போவதற்குச் சமம். தொகுப்பின் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் ஏறின. ஒவ்வொரு மையமும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டது, ஊர்தான் ஆடிப்போனது. மையங்கள் நெருங்கிக் கிடக்கும் சிறுசேரி, அம்பத்தூர் போன்ற இடங்களில் இந்த எண்ணிக்கையையும் டைமரையும் ஒவ்வொருவரும் தனியாகத் தீர்மானிப்பது சரியில்லை. வாரியத்தின் பாதுகாப்புப் பிரிவுப் பொறியாளர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய ரிலே எத்தனை முறை, எந்த இடைவெளியில் சேர்க்கும் என்று கேட்டுத்தான் நம் எண்ணை வைக்க வேண்டும்.

சோதனைகளிலும் இதே குறைதான். தரவு மையங்களைத் தரம் பிரிக்கும் டியர் சான்றிதழ் பார்வையில் ஜெனரேட்டரே முதல் ஆதாரம், வெளி மின்சாரம் செலவு குறைந்த மாற்று, அவ்வளவுதான். அந்தக் கண்ணோட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒப்படைப்புச் சோதனையில் பிரதான பிரேக்கரைத் திறக்கிறார்கள், ஜெனரேட்டர் வருகிறது, கைதட்டல், பிரியாணி. நான் கேட்பது வேறு. திற, ஜெனரேட்டர் கிளம்பும் பாதியில் மூடு, மூன்று வினாடி கழித்து மறுபடி திற. சர்வர்களுக்குப் பதிலாகச் செயற்கைச் சுமை தரும் லோட் பேங்க் முழுச் சுமையோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ஒப்பந்தக்காரர்களின் முகம் அப்போதுதான் மாறும்.

இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் மனையில் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக இணைப்பு வாங்கி, இப்படிப்பட்ட சரிவுகளைக் குறித்துவைக்கும் மின்தரப் பதிவுக் கருவி ஒன்றை மாட்டி, இந்த வடகிழக்குப் பருவம் முழுவதும் ஓட விடச் சொல்லியிருக்கிறேன். சில லட்சம் ஆகும். உரிமையாளர் தரப்பில் இன்னும் ஒப்புதல் வரவில்லை. டீசல் தொட்டியின் கொள்ளளவைத்தான் மறுபடி கேட்டிருக்கிறார்கள்.