அந்தக் கப்பல்களுக்காகக் காத்திருந்த ஊர்

“ஏன் இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறீர்கள்?” நெதர்லாந்தின் மிடல்பர்க் நகரத்து அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சுவரை மறைத்துத் தொங்கும் அந்த நெசவுச் சித்திரங்களுக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறும். மஞ்சள்தான் முதலில் போகும். நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றித்தான் அன்று பச்சை எடுத்தார்கள். அதனால் பழைய திரைகளில் புல்லும் இலையும் நீலமாக நிற்கும். இதைச் சொன்னதும் முணுமுணுப்பு அடங்கிவிடும். கண் பழகப் பழகக் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மொத்தம் ஆறு திரைகள். ஐந்தில், ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து நெதர்லாந்து நடத்திய விடுதலைப் போரின் கடற்சண்டைகள். ஆறாவதில் ஸீலாந்து மாகாணத்தின் சின்னங்கள். முதல் திரையை மாகாண அவை 1591-இல் டெல்ஃப்ட் நகரத்து நெசவுப் பட்டறைக்காரர் பிரான்ஸ்வா ஸ்பீரிங்கிடம் ஒப்படைத்தது. அவர் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வடக்கே வந்தவர். நெய்வதற்கான மூலச் சித்திரத்தை வரைந்தவர் ஹென்ட்ரிக் ஃப்ரோம். மற்றவற்றை யான் டி மாக்டின் பட்டறை மிடல்பர்க்கிலேயே நெய்தது. கடைசித் திரை 1604-இல் முடிந்தது. போர் முடிய 1648 ஆயிற்று! வெற்றி கைக்கு வரும் முன்பே, நடுப்போரில், ஒரு சிறு மாகாணம் தன் பெருமையைத் தறியில் ஏற்றியிருக்கிறது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். அலைகளுக்கு நடுவே எழும் சிங்கம் அவர்களுடைய சின்னம். “போராடி மேலெழுகிறேன்” என்பது அவர்களுடைய வாசகம்.

ஆண்டுக்கணக்கில் இதைத்தான் நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள், பள்ளிக் குழுவோடு வந்த ஒரு சிறுமி பெர்கன் ஒப் ஸோம் போர்த்திரைக்கு முன் நின்று, “அப்போது இந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்களா?” என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1574 ஜனவரியில் மிடல்பர்க் ஸ்பெயினின் கையில் இருந்தது. ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் படைகள் ஓராண்டுக்கும் மேலாக ஊரை வளைத்து நின்றன. உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. முற்றுகையை உடைக்க ஸ்பெயின் ஒரு கப்பற்படையை அனுப்பியது. ஜனவரி 29 அன்று ஸீலாந்து மாலுமிகள் அதை முறியடித்தார்கள். அந்தச் சண்டைதான் அந்தத் திரையில் இருக்கிறது. ஸ்பெயினின் ஆளுநர் ரெக்கெசன்ஸ் கரையில் நின்று அந்தத் தோல்வியைக் கண்ணால் பார்த்தார். மூன்று வாரங்களுக்குள் ஊர் சரணடைந்தது.

அதாவது, திரையில் தோற்கும் கப்பல்கள் இந்த ஊருக்கு வரவேண்டியவை. அந்தத் தோல்வியின் சித்திரம்தான், ஒரு தலைமுறை கழிந்து, இதே ஊரின் அபே என்ற பழைய துறவி மட வளாகத்தில், மாகாண அவை கூடும் இடத்துக்கு அலங்காரமாக வந்து சேர்ந்தது.

“கைதட்டியிருக்க மாட்டார்கள், பசியோடு காத்திருந்தார்கள்” என்றேன். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் அடுத்த திரைக்குப் போன பின்பும் அவள் அங்கேயே நின்றாள். “எந்தப் பக்கத்துக் கப்பல்கள் அவை?” என்று கேட்டாள். அருகில் போய்க் கொடிகளைக் காட்டினேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு குழுவுக்கும் அந்தக் கப்பல்களைத்தான் முதலில் காட்டினேன்.