நாக்குக்குள் புதைந்த ஸ்டட்

ஸ்டட் போட நாக்கில் குத்தினால் வீங்கத்தான் செய்யும். அதற்குத்தான் முதலில் நீளமான கம்பி போட்டு, வீக்கம் வடிந்ததும் குட்டையாக மாற்றுவார்கள். பெங்களூரில் எனக்குக் குத்திய கடையில் முதலிலேயே குட்டைக் கம்பியைப் போட்டுவிட்டார்கள். ஓசூரில் வேலை, லீவுக்குக் காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வந்தபோது கம்பியின் அடி முனையில் இருக்கும் குண்டு சதைக்குள் போய்விட்டது. காய்ச்சல், சீழ், எச்சில் விழுங்கினால் காது வரை வலி.

"ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்துறவங்களுக்கு என்னடி ஆயிடுது? திருநீறு வச்சா ஆறிடும்" என்றாள் ஆயா. அம்மாவோ குண்டைத் திருகிக் கழற்றப் பார்த்தாள். திருகக் குண்டு வெளியே இருந்தால்தானே!

பல் டாக்டர் கம்பியைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். வாயை முழுசாகத் திறக்க முடிகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, இதய வால்வில் கோளாறு என்று யாராவது சொன்னார்களா? வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால், பழுதான வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் அழுத்திப் பார்த்தார். அங்கே கல் மாதிரி இறுகியிருந்தால், வீக்கம் நாக்கைப் பின்னுக்குத் தள்ளி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். "அப்படி இருந்திருந்தா நான் கையே வைக்க மாட்டேன், நேரா கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கீறி, குண்டை வெளியே எடுத்துச் சீழை வடித்தார். டெட்டனஸ் ஊசி ஒன்று. மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, சில மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமாம். இதுதான் எனக்கு நிஜமாகவே பயம் தந்தது. குத்தும்போது ஊசியைப் புது பாக்கெட்டிலிருந்து பிரித்தார்களா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஆயாவின் அலகுக் கேள்வியை டாக்டரிடமே கேட்டேன். அலகை அன்றைக்கே உருவிவிடுகிறார்கள், இந்தக் கம்பியோ ராப்பகலாகப் புண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அதில் அழுக்குப் படிந்து கிருமி குடியேறுகிறது என்றார். அதற்காக அலகில் ஆபத்தே இல்லை என்று நினைக்காதே என்றும் சொன்னார்.

ஒரு ஆன்டிபயாட்டிக்கோடு, மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்தார். அதைப் போட்டால் வாயெல்லாம் இரும்பு ருசி. கம்பி இருந்த வரைக்கும் வராத ருசி, எடுத்த பிறகு வந்தது! சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ். களி உருண்டையைக்கூடத் தள்ளி விழுங்க நாக்கு ஒத்துழைக்கவில்லை. ராகிக் கூழை மோரில் தண்ணியாகக் கரைத்து, மிளகாய் சேர்க்காமல் குடித்தேன்.

ஓட்டை தானாக மூடிக்கொண்டது. இரண்டாவது ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. என்னோடு வேலை செய்கிற ஒருத்திக்கு உதட்டில் ஸ்டட், தொற்று எதுவும் வந்ததில்லை. ஆனால் அது உரசி உரசிக் கீழ்ப்பல் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. அந்த ஈறு தானாக மேலே ஏறாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டாராம்.