கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கும் முன்

"சிஸ்டர் ஸ்கூல்னா ஒழுக்கம்" என்று கேள்விப்பட்டதை வைத்து அப்ளிகேஷன் வாங்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது: அரசு உதவிபெறும் பள்ளியா, சுயநிதியா? ஒரே காம்பவுண்டில் தமிழ்வழி உதவிபெறும் பிரிவும் ஆங்கிலவழி சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கேட், சீருடை ஒன்றுதான்; ஃபீஸ் ரசீது வேறு. எந்தப் பிரிவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பலர் ஏமாறுவது ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) தரும் 25% இலவச இடத்தில். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த இடத்தை நம்பி வேறு பள்ளியை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பின் 7.5% உள் ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பில் மாற்றும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு.

மத விஷயத்தில் தயங்காமல் கேளுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பிள்ளையைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) அதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கிறதா? பொட்டு, பூ, விபூதி, மாலை போடும் மாதம் இதற்கெல்லாம் விதி என்ன? டைரியின் முதல் பக்கங்களை வாங்கிப் படித்தால் பாதி பதில் அங்கேயே இருக்கும். அசெம்பிளி ஜெபத்துக்கே மனசு ஒப்பவில்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள். தினமும் காலையில் பிள்ளையா சண்டை போடும்?

கிறிஸ்தவர்களுக்கு ஒன்று: முன்னுரிமை கேட்டால் ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தை அல்லது சபை ஆயர் கடிதமும் கையில் இருக்கட்டும்.