உடல் பருமனுக்கான மருந்தாய்வில் சேர்ந்த கதை

சேலம் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வயது 39, உயரம் 156 செ.மீ. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஆடி மாதத்தில் என் எடை 112 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை எண் 46. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே பருமன் என்றும், வேறு நோய் ஏதும் இல்லாதவருக்கும் 37.5-க்கு மேல் போனால் இரைப்பை அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றும் 2009-இல் மருத்துவர்கள் வகுத்தார்கள். அந்த 112 என்ற எண்ணை எனக்குச் சொன்னது லீ பஜாரில் இருந்த ஒரு மூட்டைத் தராசு. நான் காட்டிக்கொண்டிருந்த சிறிய மருத்துவமனையின் எடைக்கருவி 100 கிலோவோடு நின்றுவிடும் என்பதால், வெளியே எங்காவது எடை பார்த்து வருமாறு அனுப்பிவிட்டார்கள். மண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தராசின் மேல் நின்ற நாளுக்குப் பிறகு, ஏழு மாதம் நான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. என்னைப் போன்றவர்கள் சிகிச்சைக்குத் தாமதமாக வருவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்பவர்களுக்காகவே இதை முதலில் எழுதுகிறேன்.

பிறகு முழங்கால் வலிக்காகச் சென்றபோது வேறொரு மருத்துவர், பருமனுக்கான வாராந்திர ஊசி மருந்து ஒன்றின் மூன்றாம் கட்ட ஆய்வு கோயம்புத்தூரில் நடப்பதாகச் சொன்னார். டிர்செபடைடு என்னும் எடைக்குறைப்பு ஊசி மருந்து 2025 மார்ச்சிலேயே இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டது என்றாலும், மாதாமாதம் அதை வாங்கும் நிலையில் எங்கள் வீடு இல்லை. அந்த மருந்தைப் பற்றி 2022-இல் வெளியான ஆய்வில் 2,539 பேர் பங்கேற்றார்கள் என்றும், உயர்ந்த அளவான 15 மி.கி. பெற்றவர்கள் 72 வாரங்களில் சராசரியாக 20.9 விழுக்காடு எடை குறைந்தபோது, மருந்தில்லாத ஊசி பெற்றவர்கள் 3.1 விழுக்காடுதான் குறைந்தார்கள் என்றும் அவர் விளக்கினார். இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகள் அரசின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். என் தம்பி மகன் அதில் தேடி, இந்த ஆய்வின் பதிவு எண்ணையும் சேரத் தகுதி உள்ளவர்கள் யார் என்ற பகுதியையும் அச்செடுத்துத் தந்தான்.

அந்தத் தாளை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனால் என் ஊக்கத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து, ஆறு வாரம் ராகிக் கூழும் மோருமாக இருந்து ஆறு கிலோ குறைத்தேன். முதல் சந்திப்பிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். முந்தைய மூன்று மாதங்களில் எடை ஐந்து கிலோவுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் சேர முடியாது என்பது நிபந்தனை. அது நியாயமானதுதான், ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் எடையில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி, மூன்று மாதம் காத்திருந்து, கார்த்திகை முடிந்த பிறகு மறுபடியும் ரயில் ஏறினேன்.

அன்று ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கொடுத்து, அங்கேயே கையெழுத்திட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள் என்றார்கள். இருபத்தைந்து பக்கத்துக்கு மேல் இருந்தது. நானும் என் கணவரும் நான்கு இரவுகள் உட்கார்ந்து படித்தோம். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்ற வரியில் நெடுநேரம் நின்றோம். எனக்கு மருந்து வருமா, மருந்தில்லாத ஊசி வருமா என்பதைக் கணினி முடிவு செய்யும் என்பதும், அது எனக்கும் தெரியாது, ஊசியைத் தரும் மருத்துவருக்கும் தெரியாது என்பதும்தான் அதன் பொருள். அதைவிட என் கணவரை உலுக்கியது நியமனதாரர் பெயர் எழுத விட்டிருந்த இடம். ஆய்வினால் எனக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று மருந்தாய்வுக்கான 2019-ஆம் ஆண்டு அரசு விதிகள் சொல்கின்றன. நானே இல்லாமல் போனால் அந்தத் தொகை யாருக்கு என்பதற்கான இடம் அது. "இதுல எம்பேர எழுதச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், மறுநாள் காலையில்தான் அந்தப் பக்கத்தை மீண்டும் கையில் எடுத்தார்.

பதினொரு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனோம். ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது முக்கியமான கேள்வி. செமாகுளுடைடு என்னும் இன்னொரு எடைக்குறைப்பு ஊசியின் ஆய்வில், நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியை அவர் தரவில்லை. இனிப்பாகப் பேசியிருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதையும், புகார் இருந்தால், ஆய்வில் சேர்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவை நேரடியாக அழைக்கலாம் என்பதையும் படிவத்திலேயே தொலைபேசி எண்ணோடு காட்டினார்கள்.

இரத்த உறவில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்ற கேள்வியில்தான் எல்லாம் நின்றது. ஏற்காடு நாகலூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, நான் பள்ளியில் படித்தபோது கழுத்தில் அறுவை செய்தார்கள். அது என்ன நோய் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. இவ்வகை மருந்துகள் எலிகளில் தைராய்டுக் கட்டிகளை உண்டாக்கியதால், மெடுல்லரி என்னும் வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கடந்துவிடலாம் என உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். என் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு அப்படிப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனேன். "கழலைன்னுதான் சொன்னாங்க கண்ணு, காயிதம் பொட்டிலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, காப்பிக்கொட்டைச் சாக்குகளுக்குப் பின்னாலிருந்த தகரப் பெட்டியைப் பெரியம்மா திறந்தார். பழைய ரேஷன் அட்டைகளுக்கும் பட்டா நகலுக்கும் அடியில், மடிப்புகளில் கிழிந்துபோன திசுப் பரிசோதனை அறிக்கை கிடைத்தது. முன்கழுத்துக் கழலை, புற்றுநோய் இல்லை. அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆய்வுக் கோப்பில் சேர்க்கக் கொடுத்தேன்.

கையெழுத்திட்ட பிறகே பரிசோதனைகள் தொடங்கின. இரத்தம், இதய வரைபடம், கர்ப்பப் பரிசோதனை எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. ஆய்வு முடியும்வரை கருத்தரிக்கக் கூடாது என்பதற்கும் தனியாக ஒப்புதல் பெற்றார்கள். எடை பார்த்த விதத்தை மட்டும் நான் மறக்க மாட்டேன். வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு, மெல்லிய அங்கியோடு, கதவு சாத்திய அறையில், 250 கிலோ வரை காட்டும் கருவியில் நிறுத்தினார்கள். எண்ணைச் செவிலியர் வாய்விட்டுப் படிக்கவில்லை, எழுதிக்கொண்டார். இரத்த அழுத்தம் பார்க்க அகலமான பட்டையை எடுத்து வந்தார். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்கு முன்பு எனக்கு எழுதித் தரப்பட்ட அழுத்த மாத்திரைகள் எந்தப் பட்டையால் அளந்து எழுதப்பட்டவை என்று அந்த அறையிலேயே யோசித்தேன்.

தை மாதம் முதல் ஊசி. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினார்கள். பயணச் செலவைத் தந்துவிடுகிறார்கள். ஒரு நாள் சம்பளம் போவது போவதுதான். மூன்றாம் மாதத்தில் குமட்டலும் மலச்சிக்கலும் வந்தன. அவை மருந்தினால் வந்தவையா என்று கேட்டேன்; தங்களுக்கும் தெரியாது என்றார்கள், அதுதான் உண்மையும்கூட.

சென்ற வாரம் 24-ஆம் வாரச் சந்திப்பு. பயன்படுத்திய ஊசிப் பேனாக்களை எண்ணிய ஒருங்கிணைப்பாளர், நிரம்பியபடியே ஒன்று இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்த வாரத்தில் ஊசியை மறந்துவிட்டேன் என்றும், நாட்குறிப்பில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் அதே தேதியைத் தன் ஏட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த நான்கு பேனாக்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். மாலை ரயிலில் சேலம் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.