சரணாலய ஓவியங்களின் திறப்பு மாலை

ஒரு சரணாலயத்துக்குக் கிளம்பும்போது, அதே இடத்தை வரைந்தவர்களின் கண்காட்சி பக்கத்தில் எங்காவது திறக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். திறந்தால், காட்டுக்கு முன் அங்கே போவதுதான் சரி. நேரில் பார்த்து வரைந்த நிலக்காட்சி ஒவ்வொன்றுக்குள்ளும் எந்த மாதம், எத்தனை மணி, எந்தத் திசை என்ற தகவல் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய ஆள் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பது பெரும்பாலும் கண்காட்சி திறக்கும் நாளின் மாலையில்தான்.

அழைப்பிதழில் 6 மணி என்றால் 5.45-க்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் பின்னால் நகர இடமிருக்காது. படத்தின் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளி நின்றால்தான் தூரத்து மலை தூரமாகப் போகும். கிட்டப் போனால்தான் பிரஷ் போன வழி தெரியும். இரண்டும் வேண்டும்.

முதலில் விளக்கைப் பாருங்கள். ஸ்பாட்லைட் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து விழ வேண்டும். சுவரை ஒட்டி வைத்துவிட்டால் ஃப்ரேமின் நிழல் படத்தின் வானத்தில் விழும். தள்ளி வைத்தால் வார்னிஷ் (படத்தின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) பளபளக்கும், பார்ப்பவர் நிழலும் படத்தில் ஏறும். அப்படி இருந்தால் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து பாருங்கள், பளபளப்பு விலகும். நீர்வண்ணப் படங்கள் மங்கலாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வண்ணம் வெளுக்காமல் இருக்க அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வெளிச்சம் வைப்பார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். மங்கல் அறையில் நுழைந்ததும் கண் பழக இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

வெளியில் வரைந்த படங்களில் அடிக்கடி நேரும் கோளாறும் வெளிச்சத்தால் வருவதுதான். உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். வெயில் நேரே கான்வாஸில் விழும்படி வைத்து வரைந்தால் எல்லா வண்ணமும் வெளிறித் தெரியும். ஓவியரின் கை தானாக அடர்த்தியாகக் கலக்கும். அதே படம் கேலரிச் சுவருக்கு வந்ததும் இருண்டுபோய் நிற்கும். மரத்தடி நிழலுக்குள் நீலமோ ஊதாவோ இல்லாமல் வெறும் கருப்புத் திட்டாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அனுபவப்பட்டவர்கள் வெள்ளை அல்லது சாம்பல் நிறக் குடை கட்டி, கான்வாஸும் வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டும் ஒரே நிழலில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். சிவப்புக் குடை பிடித்தால் படத்தின் நிறக் கணக்கே மாறிவிடும்.

அடுத்து நிழல்களின் திசை. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. முதல் பத்து நிமிடத்தில் நிழல்களைக் குறித்துக்கொண்டு, சுமார் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வருவதே நல்ல பழக்கம். நிறுத்தாமல், மாறும் வெளிச்சத்தைத் துரத்தி வரைந்தவர் படத்தில் பாறையின் நிழல் ஒரு பக்கமும் மரத்தின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்திருக்கும். பச்சையையும் கவனியுங்கள். ட்யூபிலிருந்து அப்படியே எடுத்த பச்சை பிளாஸ்டிக் போலத் தெரியும். அல்ட்ராமெரைன் நீலத்தோடு மஞ்சள் கலந்து, துளி சிவப்பு சேர்த்து அடக்கினால்தான் இலை இலையாகும்.

பெரிய படமென்றால் களத்தில் முடித்ததா, ஸ்டூடியோவில் வளர்த்ததா என்று கேளுங்கள். அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் தாமஸ் மோரன் 1871-இல் நிலவியலாளர் ஹேடனின் ஆய்வுக்குழுவோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போய் வரைந்தவை சிறிய நீர்வண்ணங்கள். அவையும் அதே குழுவில் போன புகைப்படக்காரர் ஜாக்சனின் படங்களும் சேர்ந்துதான், 1872-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட வலு சேர்த்தன. அமெரிக்க நாடாளுமன்றம் அதே ஆண்டு 10,000 டாலருக்கு வாங்கிய சுமார் 7 அடிக்கு 12 அடி ஓவியம் ஸ்டூடியோவில் பிறந்தது. களப்படம் என்றால் ஓரங்களை ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள்: மணல் துகள், ஒட்டிக்கொண்ட கொசு, காய்வதற்குள் உரசிய தடம் தென்படலாம். வான்கோவின் 1889-ஆம் ஆண்டு ஒலிவ மரப் படம் ஒன்றில் ஒட்டியிருந்த வெட்டுக்கிளியின் மிச்சம் 2017-இல்தான் வெளியே தெரிந்தது.

ஓவியரிடம் பேச, உரைகள் தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரம்தான் தோது. “அழகா இருக்குங்க” என்பதோடு நிறுத்தாமல், எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, எதை விட்டுவிட்டு வரைந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் முகம் மலரும். கம்பிவேலி, மின்கம்பம், குறுக்கே நின்ற மரம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வாங்குவதாக இருந்தால் சிவப்புப் பொட்டு ஒட்டப்பட்டவை விற்றுப்போனவை. எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும். கனமான பூச்சுக்குக் கடைசி வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். பபிள் ராப்பை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றவிடாதீர்கள், வட்ட வட்டமாகத் தடம் பதியும்.

மறுநாள் சரணாலயத்தில், ஓவியர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே அந்த இடத்தில் இருங்கள். படத்தில் பள்ளத்தாக்கு மூடுபனி இருந்தால் விடியலுக்கே போக வேண்டும், வெயில் ஏறினால் கரைந்துவிடும். அங்கே யாராவது வரைந்துகொண்டிருந்தால் அவருக்கும் காட்சிக்கும் குறுக்கே நிற்காதீர்கள். நீங்களே வரைவதானால் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிரஷ் கழுவிய தண்ணீரையும் டர்பன்டைனையும் ஓடையில் கொட்டக் கூடாது. சில வண்ணங்களில் உள்ள காட்மியம் போன்ற நச்சு உலோகம் அதில் இருக்கலாம். மூடிபோட்ட பாட்டிலில் திருப்பி எடுத்து வாருங்கள். எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.