புல்லட் டேங்க்கில் எந்தப் பேட்ஜ்?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்த ராயல் என்ஃபீல்டு ஓடினாலும் தெருவில் அதற்கு ஒரே பெயர்தான்: புல்லட்டு. கிளாசிக் போனாலும் புல்லட்டு, ஹண்டர் போனாலும் புல்லட்டு. வண்டி வைத்திருப்பவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். ஸ்டாண்டர்டா, எலெக்ட்ராவா, மச்சிஸ்மோவா என்று டீ ஆறும் வரை விளக்கம் வரும். அந்த விளக்கத்தில் பாதி டேங்க்கில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பிச் சொல்வது. பழைய வண்டியில் கடைசியாக நம்ப வேண்டியது அந்தப் பெயரைத்தான். ஒரு மெக்கானிக் கடையில் அரை மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடிய உறுப்பு அது.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் மசில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார், வைத்திருப்பவர்களுக்கு இது அறுபது வருடப் பஞ்சாயத்து. 1964-இல் போன்டியாக் ஜிடிஓ வந்தபோது அது தனி மாடலே இல்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு ஒரு ஆப்ஷன் பேக்கேஜ். பெயரும் சொந்தமில்லை, ஃபெராரி 250 ஜிடிஓவிடமிருந்து எடுத்தது. 1964, 65 வண்டிகளின் சேசிஸ் நம்பரைப் படித்தால் ஜிடிஓவா சாதா லெமான்ஸா என்று தெரியாது. 1966-இலிருந்துதான் நம்பரின் தொடக்கத்தில் 242 என்று வந்து காட்டிக்கொடுக்கும். முந்தைய இரண்டு வருட வண்டியில் பேட்ஜை மாற்றி விலையை ஏற்றுகிறவர்கள் அந்த ஓட்டையில்தான் நுழைகிறார்கள். 1970 ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 396 காரில் இருந்த இன்ஜின் உண்மையில் 402 கன அங்குலம். 396 என்ற பெயர் விற்கிறது என்பதால் எண்ணை மாற்றாமல் விட்டார்கள். ஆக, கம்பெனியே ஒட்டின பேட்ஜும் பொய் சொல்லும்.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். புல்லட் என்ற பெயரை இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி முதலில் வைத்தது 1932-இல். இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் கேட்டு, மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் 1970-ஓடு கடை மூடியாயிற்று. திருவொற்றியூரில் நிற்கவே இல்லை. 'பாரம்பரியம்' என்று விளம்பரத்தில் வரும்போதெல்லாம் ரெட்டிச்சைக் காட்டுகிறார்களே, புல்லட்டை விடாமல் செய்த வருடக்கணக்கில் திருவொற்றியூர்தான் மூத்தது. இது என் அபிப்பிராயம் இல்லை, கூட்டல் கழித்தல்.

இதிலிருந்துதான் பேட்ஜில் நடக்கும் முதல் தப்பு தொடங்குகிறது. எண்பதுகளின் வண்டியை ரீஸ்டோர் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சிறகு வைத்த 'ராயல் என்ஃபீல்டு' பேட்ஜை வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் கம்பெனி பெயர் என்ஃபீல்டு இந்தியா; டேங்க்கிலும் 'என்ஃபீல்டு'தான். 1994-இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகுதான் கம்பெனி பெயரிலேயே 'ராயல்' வந்து உட்கார்ந்தது. எனவே 1985 வண்டிக்கு 'ராயல்' பேட்ஜ் போடுவது, எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் பிறகு வாங்கிய பட்டத்தைச் சேர்த்து எழுதுவது மாதிரி. பேட்ஜ் வாங்குவதற்கு முன்னால் ஆர்.சி. புக்கில் தயாரிப்பாளர் பெயரையும் தயாரிப்பு வருடத்தையும் பாருங்கள். எந்தப் பெயர் போட வேண்டும் என்பதற்கு அதை விட நல்ல வழிகாட்டி கிடையாது.

அடுத்தது மாடல் பெயர். இங்கே குழப்பம் கம்பெனி செய்தது. எலெக்ட்ரா என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த எலெக்ட்ரா பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு பேரல்) இன்ஜினில், பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷனோடு வந்தது. பிறகு ஐந்து கியர் வைத்த 5எஸ். அதற்கும் பிறகு அதே பெயர் யுசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பு) மீது ஏறியது. முதல் எலெக்ட்ராவின் கேஸ்கெட் செட்டை வாங்கிக் கடைசி எலெக்ட்ராவில் வைக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அநேகமாக அந்தப் பெயர்தான். பார்ட்ஸ் கடையில் "எலெக்ட்ராவுக்குக் கிளட்ச் பிளேட் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் திருப்பி "எந்த எலெக்ட்ரா?" என்று கேட்பது அதனால்தான். அப்படிக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதை.

350 என்ற எண்ணும் அப்படியே. காஸ்ட் அயர்ன், அலுமினியப் பேரல் வைத்த ஏவிஎல், யுசிஇ மூன்று இன்ஜினுமே 70 மில்லிமீட்டர் போர் (பேரலின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சிசி. இப்போதைய ஜே சீரிஸ் இன்ஜின் 72-க்கு 85.8, 349 சிசி. எண்ணில் வித்தியாசம் மூன்று சிசி. உள்ளேயோ ஒரு நட்டு கூடப் பொருந்தாது. பழைய 500-க்கு அதே 90 ஸ்ட்ரோக், போர் மட்டும் 84, 499 சிசி. 350 வண்டியில் '500' ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. ஆர்.சி.யில் கன அளவு என்ற இடத்தில் 346 இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெயரை மறந்துவிட்டு இன்ஜினைப் பார்ப்பது எப்படி? இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனிப் பெட்டியாக, ஒன்றின் பின்னால் ஒன்று போல்ட் போட்டு இணைத்து இருந்தால் அது யுசிஇக்கு முந்தையது. இரண்டும் ஒரே வார்ப்பாக இருந்தால் 2008-க்குப் பிந்தைய யுசிஇ அல்லது அதற்கும் பிறகானது. தனிப்பெட்டி வண்டி என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி: காஸ்ட் அயர்னா, ஏவிஎல்லா? கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள், காஸ்ட் அயர்ன் பேரலுக்குச் சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தம் ஒன்று போதும். பேரலின் துடுப்பில் வையுங்கள்; ஹெட்டில் வைக்காதீர்கள், ஹெட் இரண்டிலும் அலுமினியம்தான். துடுப்பில் டக்கென்று ஒட்டினால் காஸ்ட் அயர்ன். வழுக்கி விழுந்தால் அலுமினியம், அதாவது ஏவிஎல். 'மச்சிஸ்மோ 350' என்று பக்கப் பெட்டியில் எழுதியிருந்து காந்தம் ஒட்டினால், பெட்டியோ இன்ஜினோ மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கியர் லீவர் வலப்பக்கம், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்பது பழைய ஸ்டாண்டர்டின் அடையாளம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லீவரை இடப்பக்கம் மாற்றிக்கொண்ட பழைய வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பார்க்கும்போது படித்து ஒப்பிட்டால் மட்டும் போதாது. நம்பர் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுக்கிற அதே பிரின்ட்தான். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, சுற்றிலும் கிரைண்டர் பிடித்த கோடுகள் தாளில் பதிகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ராவல் தாளில் தெரிந்துவிடும். நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தடிமனாக இருந்தால் தின்னர் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பேட்ஜை மாற்றினால் சட்டத்துக்கு ஒன்றுமில்லை. இன்ஜினையோ நிறத்தையோ மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ரீஸ்டோர் பண்ணுகிற ஆர்வத்தில் கறுப்பு வண்டியைப் பச்சையாக்கிவிட்டுப் பிறகு எஃப்.சி.க்கு நிற்பவர்கள் கவனிக்க.

இனி மாட்டுகிற வேலை. பழைய உலோகப் பேட்ஜ் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. வடசென்னையில் இதற்கு முதல் எதிரி உப்புக் காற்று. குரோமுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தால் மேலே பாலிஷ் போட்டுப் பயனில்லை, கொப்புளத்துக்குள் துத்தநாகம் அரித்துப் பொடியாகியிருக்கும். பிளேட்டிங் கடையில் கொடுக்கும்போது அது துத்தநாகம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். இரும்பு என்று நினைத்து ஆசிட் தொட்டியில் போட்டால் எழுத்தின் விளிம்பெல்லாம் கரைந்து, சோப்பு தேய்ந்த மாதிரி திரும்பி வரும். முதலில் காப்பர் பூச்சு, அதன் மேல் நிக்கல், கடைசியில் குரோம். காப்பரைத் தவிர்த்தால் சில மாதத்தில் தோல் உரியும்.

திருகில் மாட்டும் பேட்ஜ் என்றால் டேங்க்கில் திருகு இறங்கும் குழியின் ஆழத்தைத் தீக்குச்சியால் அளந்துகொள்ளுங்கள். பேட்ஜின் கனத்தையும் சேர்த்து, திருகு அதைவிட ஒரு சுற்றாவது குட்டையாக இருக்க வேண்டும். நீளத் திருகு அடி தட்டிய பிறகும் முறுக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: பேட்ஜ் விரியும், அல்லது குழியின் அடி பிளந்து பெட்ரோல் கசியும். இரண்டாவது நடந்தால் டேங்க்கைக் காலி செய்து, கழுவி, வெல்டிங் கடையில் ஓட்டையை அடைத்து, மறுபடி பெயின்ட். பேட்ஜுக்கும் டேங்க்குக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் வெட்டி வையுங்கள். திருகில் ஒரு பொட்டு கிரீஸ். உலோகத்தோடு உலோகம் உரசி, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் முதலில் போவது பெயின்ட்டுதான்.

கோடு விஷயம் தனி. டேங்க்கின் தங்கக் கோடு திருவொற்றியூரில் கையால் இழுத்தது. கைக்கோட்டில் பிரஷ் வைத்த இடம் சற்றுக் கனத்தும், எடுத்த இடம் மெலிந்தும் இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. நகத்தை மேலே ஓட்டினால் மெல்லிய மேடு தட்டும். ஸ்டிக்கர் கோடு எங்கும் ஒரே அகலம். நல்ல கைக்கோடு இன்னும் மிச்சமிருக்கும் டேங்க்கை முழுதாகச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது பாவம் என்பேன். சிராய்ப்பு இருந்தாலும் அதை அப்படியே விடலாம். அடித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பட்டர் பேப்பர் வைத்துக் கோட்டையும் பேட்ஜின் இடத்தையும் டிரேஸ் எடுத்து, டேங்க் மூடியின் விளிம்பிலிருந்து தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டி போட்ட பிறகு ஞாபகத்தில் வைப்பேன் என்பதெல்லாம் நடக்காது.

ஸ்டிக்கர் எழுத்தைக் கிளியருக்கு (நிறமில்லாத மேல்பூச்சு) அடியில் புதைப்பதாக இருந்தால்: பேஸ் கோட் நன்றாகக் காய்ந்ததும், தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து தெளித்து ஸ்டிக்கரை நகர்த்தி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். அவசரப்பட்டு அன்றைக்கே கிளியர் அடித்தால், உள்ளே நின்ற தண்ணீர் சித்திரை வெயிலில் கொப்புளமாக எழும். முதல் கிளியர் தூசி போல் மெல்லியதாக. கனமாக அடித்தால் தின்னர் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுருட்டிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்த கோட். முழுதாகக் காய்ந்ததும் 1500 வாட்டர் பேப்பரில் விளிம்பைத் தேய்த்து, மறுபடி ஒரு கிளியர். பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் என்றால் பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் என்றால் மூடியைச் சுற்றிக் கரையும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்தும் போகும்.

புது வண்டிகளில் டேப்பில் ஒட்டிய பேட்ஜைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். காசிமேட்டில் கிடைக்கும் தூண்டில் நரம்பு, அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு முழம் போதும். ஹேர் டிரையரால் பேட்ஜைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, நரம்பை அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இழுத்தால் டேப் அறுந்து வரும். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, கடைசிப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம். திரும்ப ஒட்டும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மாஸ்கிங் டேப்பில் குறித்த கோட்டுக்கு வைத்து, எழுத்து எழுத்தாக அழுத்துங்கள். டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷ் கடை பக்கம் போக வேண்டாம்.