உடல், கரை, முந்தானை: வீட்டுக்கு நிறம் பார்க்க ஒரு புடவை போதும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பினாங்குச் சாயக் (பெயிண்ட்) கடைகளில் ஒரே காட்சிதான். கைப்பேசியில் எங்கோ ஒரு வெளிநாட்டு வீட்டின் படம். "இந்தக் கலர் இருக்கா, தௌக்கே?" கடை முதலாளியான தௌக்கேயும் கணினியில் தட்டி, அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவார். வீட்டில் அடித்துக் காய்ந்ததும் பார்த்தால் அது வேறு எதுவோ. படத்தில் இருந்த வெயில் வேறு, தரை வேறு, கூரையின் உயரமும் வேறு. நம் வீட்டில் கீழே பழுப்பு டைல்ஸ், மேலே வெள்ளை டியூப் லைட், நடுவில் சாமி மேடை.

கடைக்கு எடுத்துப்போக வேண்டியது படமல்ல, அலமாரியில் மடித்து வைத்திருக்கும் ஒரு புடவை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது உட்கார வேண்டும், எது அதிகம், எது கொஞ்சம் என்பதைத் தறிக்காரர் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பு நமக்குப் பிடித்துத்தான் காசு கொடுத்து வாங்கி, வருஷக்கணக்கில் கட்டவும் செய்கிறோம்.

ஐந்தரை மீட்டர் நீளம், 115 செ.மீ. அகலம் உள்ள ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 10 செ.மீ. கரை, 90 செ.மீ. முந்தானை. பரப்பளவு போட்டுப் பார்த்தால் உடல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட எழுபது, கரை பதினைந்து, முந்தானை பதினாறு. அறைக்கும் இதே கணக்குத்தான். எழுபது பங்கு சுவர். பதினைந்து பங்கு தரையின் கோடு, திரைச்சீலை, மரச்சாமான். மீதி ஒரே ஒரு மூலை. அங்கேதான் முந்தானை விரிய வேண்டும். நான்கு சுவரிலும் முந்தானையை விரித்துவிட்டு "ஏன் வீடு கடை மாதிரி இருக்கு?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

புடவையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பட்டு வேண்டாம், பருத்தியை எடுங்கள். மயில்கழுத்து நிறப் பட்டில் பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம். திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறுவது அதனால்தான். கடையில் இருக்கும் நிறம் படிக்கும் கருவி அதை ஒற்றை நிறமாகத்தான் படிக்கும், சுவரில் வருவது இரண்டுக்கும் நடுவே ஒரு மங்கல். பெரும்பாலான பருத்தியில் பளபளப்பு இல்லை, கண்ணில் படுவதுதான் நிறம். பகல் பத்து மணி வாக்கில் அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) நின்று, நேர்வெயில் படாத இடத்தில் புடவையையும் நிற அட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். கடைக்குள் விளக்கடியில் பார்த்துச் சொல்லும் நிறத்தை நம்பக் கூடாது.

அட்டையில் பொருந்தும் நிறம் கிடைத்ததும் அதையே வாங்கிவிடாதீர்கள். அதே வரிசையில் இரண்டு படி வெளுத்ததை எடுங்கள். சுவரும் சுவரும் எதிரெதிரே நிற்பதால் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டுத் திரும்பும். அட்டையில் இதமாக இருக்கும் மாம்பழ மஞ்சள், அறையில் மஞ்சள் காமாலை. சந்தனம், வெங்காயச் சருகு மாதிரி நிறங்கள் ஓரளவு தாங்கும். கிளிப்பச்சை தாங்காது.

சுவரிலேயே சோதித்துப் பார்ப்பதும் தவறு. பழைய நிறம் சுற்றி நின்று கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி பலகை ஒன்றில் இரண்டு கை (இரண்டு பூச்சு) அடித்து, முழுக்கக் காயவிட்டு, காலையில் ஜன்னல் பக்கச் சுவரிலும், மாலையில் அதற்கு எதிர்ச் சுவரிலும், இரவில் விளக்கைப் போட்டும் சாய்த்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பெரும்பாலும் காய்ந்தபின் அடர்த்தி ஒரு மாற்று கூடும். ஒரு லிட்டர் சாயம் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சுவர் 9 சதுர மீட்டர், இரண்டு கைக்கு 18, ஆக இரண்டு லிட்டர். அரக்கு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு மூன்றாவது கையும் தேவைப்படும். முழு அளவையும் ஒரே நாளில் கலக்க வாங்கி, எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்து வாங்கினால் இரண்டு டின்னுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது சுவரின் நடுவில் கோடாக வந்து நிற்கும்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் சாயம் அடித்தால் ஈரத்துக்குப் போக வழி இல்லை. முதலில் கொப்பளிக்கும், பிறகு அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சோடு சேர்ந்து உதிரும். மறுபடி சுரண்டி மறுபடி அதையே அடிப்பது வீண் செலவு. சுண்ணாம்புச் சாயம்தான் அதற்கு மருந்து. திட்டுத் திட்டாகத்தான் வரும், அதுதான் அதன் அழகும். லெபோ லீத் தெருவில், சியோங் ஃபாட் சி என்ற அந்தக் காலச் சீன வணிகரின் நீல மாளிகையைப் பார்த்தால் புரியும். சுண்ணாம்பில் அவுரி கலந்த நீலம் அது, அந்த அவுரி அக்காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. அதன் சீரமைப்புக்கு 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது. ஊரே படமெடுத்துக்கொள்ளும் அந்த நீலம் நம் அவுரிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

கரைக்கு வருவோம். தரை ஏற்கெனவே போடப்பட்டது, மாற்ற முடியாது. அதனால் கரைக் கணக்கில் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் 20 செ.மீ. சதுரப் பூக்கல் (பூ வேலைப்பாட்டுச் சிமெண்ட் டைல்ஸ்) இருந்தால் அதிர்ஷ்டம். ஆத்தங்குடிக் கல்லுக்கு இது பங்காளி: ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பார்கள், இதை அச்சில் வைத்து இயந்திரத்தால் அழுத்தியிருக்கிறார்கள். இரண்டிலும் நிறம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும்தான். புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் எதுவும் அதன்மேல் படக் கூடாது. அமிலம் சிமெண்டைத் தின்றுவிடும், பூ சொரசொரத்து வெளிறிப்போகும். தண்ணீரும் காரமில்லாத சோப்பும் போதும்.

திரைச்சீலைக்குப் பருத்திப் புடவையையே பயன்படுத்தலாம். பட்டென்றால் ஜன்னல் வெயிலில் இற்றுவிடும். செய்கிறவர்கள் பலர் சறுக்குவது ஓரிடத்தில்: புடவையை நேராக இரண்டாக வெட்டிவிடுவார்கள். ஒரு துண்டில் முந்தானை தொங்கும், மறு துண்டில் இருக்காது. ஒரு கால் செருப்பு மாதிரி ஆகிவிடும். சரியான முறை இது. வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும். பிறகு முந்தானையைத் தனியாக வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 4.6 மீட்டர். அதைப் பாதியாக்கினால் ஆளுக்கு 2.3 மீட்டர், மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. மடித்துத் தைத்தால் 2.15 மீட்டர். நாக்கோ (கண்ணாடிப் பட்டை) ஜன்னலுக்கு இது தாராளம். துவைத்ததில் சுருங்கியிருந்தால் கீழ் மடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொங்கவிட்டதும் கரைகள் மேலிருந்து கீழாக நான்கு செங்குத்துக் கோடுகளாக நிற்கும், தாழ்ந்த கூரைகூட உயர்ந்தது போல் இருக்கும். இரண்டு துண்டின் அகலமும் சேர்ந்து 2.3 மீட்டர். மடிப்பு நன்றாக விழத் துணியின் அகலம் ஜன்னலைப் போல் இரட்டிப்பு வேண்டும் என்பதால் 115 செ.மீ. ஜன்னலுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. பெரிய ஜன்னலுக்கு இரண்டு புடவை.

வெட்டிய முந்தானை 90க்கு 115. அதில் 45 செ.மீ. சதுரம் நான்கு வரும். ஓரத்தில் ஒன்றரை செ.மீ. விட்டுத் தைத்தால் 40 செ.மீ. திண்டு இரண்டுக்கு முன்னும் பின்னுமாக உறை ஆகிவிடும். முந்தானை மூலையின் முதல் பொருள் அதுதான்.

அந்த மூலையில் வேறென்ன வைப்பது? கடையில் அலங்காரப் பொருள் தேட வேண்டாம். குத்துவிளக்கு, பாட்டி காலத்து உருளி, பழைய எனாமல் டிபன் கேரியர், கோப்பிக் கடைப் பச்சைப் பூக் கோப்பை இவற்றில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. எனாமலில் ஓட்டை போட்டுச் செடி வைக்க நினைக்காதீர்கள். மேல்பூச்சு கண்ணாடிதான், சில்லுச் சில்லாகப் பெயர்ந்து உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். சிறிய பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கி வையுங்கள்.

பித்தளை நன்றாகத் தெரியாததற்குப் பாதிக் காரணம் அழுக்கல்ல, விளக்கு. நம் வீடுகளில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப். அதன் கீழே பித்தளை பச்சை தட்டித் தெரியும். அந்த மூலைக்கு மட்டும் 2700 அல்லது 3000 கெல்வினில் 5 வாட் மஞ்சளொளிப் பல்பு ஒன்று, தலைக்கு மேலே அல்லாமல் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி. செலவு சில வெள்ளி (ரிங்கிட்) தான்.

துலக்குவதற்கு எலுமிச்சை அளவு புளி, ஒரு தேக்கரண்டி உப்பு. தேய்த்து இரண்டு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஊறினால் நல்லது என்று அரைமணி விட்டால் ரோஸ் நிறத் திட்டு விழும். அமிலம் துத்தநாகத்தை அரித்துவிட்டதால் செம்பு மேலே தெரிகிறது. கழுவிய பிறகு உப்பு மிச்சமிருந்தால் இடுக்குகளில் பச்சை பூக்கும், கடலோரத்தில் உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம். பழைய பல்துலக்கியால் இடுக்கைக் கழுவி, துணியால் துடைத்து, பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள். புதிதாக வாங்கிய விளக்கில் அரக்குப் பூச்சு இருந்தால் புளி வேண்டாம், பூச்சு அங்கங்கே உரிந்து சொறி பிடித்தது போல் ஆகிவிடும். ஈரத்துணி போதும்.

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது இப்போது எல்லா வீட்டிலும். லெபோ பசார் பூக்கடையில் உதிரிச் செவ்வந்தி வாங்கி மிதக்கவிட்டால் பார்க்கத் தேவலோகம்தான், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதே தேவலோகம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள், தீராது. முட்டை தண்ணீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேங்காய் நாரால் சுற்றிலும் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர். அவ்வளவு பாடு முடியாதென்றால் தண்ணீரே வேண்டாம், ஒரு டசன் எலுமிச்சம்பழத்தை உருளியில் குவித்து வையுங்கள். மஞ்சள் பித்தளைக்குப் பச்சைப் பழம் நன்றாகவே எடுக்கும், சமையலுக்கும் ஆகும். வெட்டிய பழத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள், சாறு பட்ட இடம் கறைபடும்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன் உருளியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.